நின்ற உயரத்தில் இருந்து விழுந்தால்

முதலில் உடைந்தது இடது மணிக்கட்டு. உடைகிற அளவுக்கு அன்று ஒன்றும் நடக்கவில்லை. பூக்கொல்லை வரப்பில் கால் லேசாக வழுக்கியது, கையை ஊன்றினேன், அவ்வளவுதான். ஊன்றிய கை வளைந்துபோய்க் கிடந்தது. அடுத்த வரிசையில் முல்லை பறித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, "என்னக்கா, அதுக்குள்ள உக்காந்துட்ட" என்றாள். விழுந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அதை விழுந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொல்லை சொந்தக் கொல்லை. முல்லை, மல்லிகை, காக்கரட்டான், வரப்போரத்தில் கொஞ்சம் கனகாம்பரம். விடிவதற்கு முன்பே பறிக்கத் தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு வெடித்துவிடும், வெடித்த பூவை மார்க்கெட்டில் யாரும் சீண்ட மாட்டார்கள். அதனால் அன்று கையை மாராப்பில் கட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் மிச்ச வரிசையையும் பறித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சுளுக்கு என்று என் வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்தார். மறுநாள் கை கத்திரிக்காய் மாதிரி வீங்கி நிறம் மாறியது. அதற்குப் பிறகு எக்ஸ்ரே, மாவுக்கட்டு. கட்டுப் போட்ட இடத்தில் யாரும் எப்படி உடைந்தது என்று இரண்டாவது தடவை கேட்கவில்லை. விழுந்தால் உடையும், அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிந்தது. கட்டுப் பிரித்தபோது கை கொஞ்சம் கோணலாக இருந்தது. கோணல் கையாலும் பூ பறிக்கலாம். பறித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் முதுகு. அது இன்னும் கேவலம். தெருக்குழாயில் பாதி நிறைந்த குடத்தைக் குனிந்து தூக்கினேன். நடுமுதுகில் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். சத்தம் வெளியே கேட்டதா உள்ளே கேட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குடத்தைச் சிந்தாமல் கீழே வைத்தேன். நிமிர முடியவில்லை. வாய்வுப் பிடிப்பு என்றார்கள். பூண்டு தின்னச் சொன்னார்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தின்றேன். ஒருத்தி முதுகில் ஏறி மிதித்தால் எடுபடும் என்றாள். நல்லவேளை, மிதிக்க விடவில்லை.

பிறகு சேலை காலில் இடறியது. முப்பது வருஷமாக ஒரே மாதிரி கட்டுகிற சேலை திடீரென்று கீழே இழுபட்டது. மிதித்து மிதித்து நடந்தேன். இடுப்பில் இன்னும் ஒரு சுற்றுச் செருகிக்கொண்டேன். அடுப்படிப் பரணில் இருக்கும் புளிப்பானையை எட்டி எடுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார். "என்ன புள்ள, வளர்ற வயசுல குட்டையாயிக்கிட்டு வர்ற" என்றார். நானும் சிரித்தேன். வலியோடு சிரிப்பது எங்கள் வீட்டில் புதிதில்லை.

வலி விடவில்லை. கடைசியில் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி முதுகெலும்பைக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு பெட்டி மட்டும் முன்பக்கம் நசுங்கியிருந்தது, யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். விழவில்லை, குடம் தூக்கினேன் என்றேன். கையைப் பார்த்தார். இது எப்படி என்றார். வரப்பில் என்றேன். மரத்தில் இருந்தா, மாடியில் இருந்தா, வண்டியில் இருந்தா என்று வரிசையாகக் கேட்டார். எதிலும் இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தேன் என்றேன்.

"நின்ன உயரத்துல இருந்து விழுந்து ஒரு எலும்பு உடையக் கூடாதும்மா. ஒடைஞ்சா அது விழுந்ததால இல்ல, எலும்பால."

அப்படி அவர் சொன்னதும் நான் கோணல் கையைப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கட்டுப் போட்ட அன்றைக்கே ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தால் முதுகு தப்பித்திருக்குமோ என்னவோ. யாரும் சொல்லவில்லை.

அவர் கேள்வி கேட்டுக்கொண்டே போனார். வீசிங்குக்கு, மூட்டு வலிக்கு என்று மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டீர்களா. வீட்டில் யாருக்காவது இடுப்பு ஒடிந்திருக்கிறதா. பால், தயிர், கீரை, மீன் சாப்பிடுவீர்களா. பிறகு பீரியட்ஸ் எப்போது நின்றது என்றார். நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள், அப்போது எனக்கு முப்பத்திரண்டு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கர்ப்பப்பை மட்டுமா, ஓவரியும் சேத்தா? சினைப்பை, ரெண்டு பக்கமும் இருக்குமே."

எனக்குத் தெரியாது. என் உடம்புக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியாது. பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "மொத்தமாத்தான் சார். எதுக்கு மிச்சம் மீதி வச்சுக்கிட்டு, பின்னாடி தொந்தரவு வரும், சுத்தமா எடுத்துருங்கன்னு நாங்கதான் சொன்னோம்."

கொல்லையில் களை எடுத்த கணக்கைச் சொல்வது போலச் சொன்னார். குரலில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. அவருக்குத் தெரிந்தால்தானே. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டும் இல்லை.

ஏன் எடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவதே அதற்குத்தான்.

எங்கள் பக்கம் மாதவிலக்காகித் தூரமான பொம்பளை பூக்கொல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் செடி கருகிவிடும், மொட்டு சிவந்துவிடும். சாமிக்குப் போகிற பூ வேறு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எழுதி வைத்த சட்டத்தை மீறுகிறவர்கள்கூட இதை மீற மாட்டார்கள். கூலிக்கு வரும் பெண்கள் அவர்களாகவே அந்த நாளில் வராமல் இருந்துவிடுவார்கள். பொய் சொல்லிவிட்டு வந்து, நாலு செடி கருகினால் யார் பெயர் அடிபடும் என்று எல்லாருக்கும் தெரியும். செடி கருகுவது பூச்சியால், தண்ணீர் கட்டாததால். அதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்று நானும் நம்பினேன்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கு ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. மாதத்தில் பாதி நாள் தூரம்தான். பாதி நாள் கொல்லைக்கு வெளியே, வேலி ஓரத்தில், பம்புசெட் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பதிலாக ஆள் விட வேண்டும். பூ சீசனில் ஆள் கிடைக்காது. என் மாமியார் நேராக ஒன்றும் சொல்ல மாட்டார். "வீட்ல ஒரு ஆளு இருந்தும் இல்லாத மாதிரி" என்று ஆட்டுக்குட்டியிடம் சொல்வார். ஆட்டுக்குட்டிக்குப் புரிந்ததோ இல்லையோ எனக்குப் புரிந்தது.

அப்புறம் ஒருநாள் என்னை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஊர் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. மாமியாரும் வீட்டுக்காரரும் டாக்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எனக்கு நாற்காலி இல்லை. அவர்கள் பேசி முடித்தார்கள். மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா, வேறு வழி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வேலி ஓரத்தில் நின்று எனக்கும் சலித்துப் போயிருந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு நான் தினமும் கொல்லைக்குள் போனேன். ஒரு நாள் விடாமல். கூலிப் பெண்கள் கேலி செய்வார்கள். "ஒனக்கென்னக்கா, கடையைச் சாத்திட்ட, ராஜாத்தி" என்பார்கள். என்னைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் அடுத்தவள் போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. முப்பத்தைந்து வயதில் எடுத்துக்கொண்டால் வேலைக்கு வசதி என்று பொம்பளைகளே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பூ பறிக்கிற ஊர்களில் இது காது குத்துவது மாதிரி ஆகிவிட்டது. அதில் கர்ப்பப்பை மட்டும் போனது யாருக்கு, எல்லாம் போனது யாருக்கு என்று இன்றைக்கும் ஒருத்திக்கும் தெரியாது.

எடுத்த சில மாதத்திலேயே எனக்கு உடம்பு திகுதிகு என்று எரியும். விடியற்காலைப் பனியில் ஜாக்கெட் நனைந்து ஒட்டும். சூட்டு உடம்பு என்று தலையில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். இளநீர் குடிக்கச் சொன்னார்கள். முப்பத்து மூன்று வயதில் ஐம்பது வயதுக்காரியின் உடம்பாக ஆகிவிட்டேன் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை. புதுக்கோட்டை டாக்டர்தான் சொன்னார். ஓவரி பிள்ளை பெறுவதற்கு மட்டும் இல்லை, அதில் சுரக்கிற ஒன்றுதான் பெண்ணின் எலும்பைக் காவல் காக்கிறது, சாதாரணமாக ஐம்பதை ஒட்டித்தான் அது அடங்கும், அதற்குப் பிறகு எல்லாப் பெண்ணுக்கும் எலும்பு கரையத்தான் செய்யும், உங்களுக்கு அந்தக் கரைச்சல் பதினைந்து இருபது வருஷம் முன்கூட்டியே தொடங்கிவிட்டது என்றார். நோய் இருந்து எடுக்க வேண்டி வந்தால்கூட அதற்கு ஈடாக மருந்து கொடுப்பார்கள், உங்களுக்குக் கொடுத்தார்களா என்று கேட்டார். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வயதுக்கு வந்தபோது எனக்கு வேளைக்கு வேளை உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றித் தின்ன வைத்தார்கள். இடுப்பெலும்பு கெட்டிப்படும், நாளைக்கு வேலை செய்யணும் என்றார்கள். அதே கூட்டம்தான் பிறகு அந்த எலும்பின் காவலை அறுத்து எடுக்கச் சொன்னது. இதில் கோபப்பட யாரைப் பிடிப்பது. மாமியார் செத்துப்போனார். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது மார்பிள் கடை இருக்கிறது.

எலும்பின் அடர்த்தி பார்க்கிற ஸ்கேனுக்குத் திருச்சிக்குப் போகச் சொன்னார். போய் எடுத்துக்கொண்டு வந்தோம். அதைப் பார்த்துவிட்டு, ரொம்ப மெலிந்திருக்கிறது என்றார். மணிக்கட்டு உடைந்தாயிற்று, முதுகு உடைந்தாயிற்று, இந்த வரிசையில் அடுத்தது இடுப்பு, இடுப்பு ஒடிந்தால் நிறையப் பேர் பழையபடி எழுந்து நடப்பதில்லை என்றார். என் முகத்தைப் பார்த்தார். அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டரிடம் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் படுக்காமல் இருக்க வேண்டும். கால்சியம், வைட்டமின் டி தனி. நாள் முழுக்க வெயிலில்தானே சார் நிற்கிறேன் என்றதற்கு, நீங்கள் வெயில் வருவதற்குள் பறித்து முடித்துவிடுகிறீர்கள், மிச்ச நேரம் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் என்றார். குனிந்து எதையும் தூக்கக் கூடாது, பஸ்ஸில் பின்சீட்டில் உட்காரக் கூடாது, குளிக்கிற இடத்தில் பாசி பிடிக்க விடக் கூடாது, பிடித்துக்கொள்ளக் கம்பி போட வேண்டும், தினம் நடக்க வேண்டும் என்றார். இதெல்லாம் புரிந்தது. கனகாம்பரம் குனிந்து பறிக்கிற பூ, அதை விட்டுவிட்டேன். முல்லை நின்றுகொண்டு பறிக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். "அன்னைக்கு அந்த டாக்டரம்மா வேணாம்னு சொல்லியிருந்தா நாங்க ஏன் எடுக்கச் சொல்லப்போறோம்" என்றார். பழத்தைத் தின்றேன்.

இது நடந்து சில வாரத்தில் மகள் போன் செய்தாள். பொன்னமராவதிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார். அவர்கள் குடும்பத்துக்குக் கோயில் வாசலில் பூக்கடை. மாலை கட்டுவது, அர்ச்சனைத் தட்டு. மகளும் மாமியாரும் கடையைப் பார்க்கிறார்கள். எங்கள் கொல்லையில் என்ன சட்டமோ அந்தக் கடையிலும் அதே சட்டம். தூரமானால் பூவைத் தொடக் கூடாது, கடையில் ஏறக் கூடாது. அவளுக்கும் என்னை மாதிரியே ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கர்ப்பப்பையில் கட்டி, மாத்திரையெல்லாம் சாப்பிட்டுப் பார்த்து நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது மாப்பிள்ளை லீவில் வந்திருக்கிறார், அவர் இருக்கும்போதே ஆபரேஷன் செய்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது என்றாள். அடுத்த வாரம்.

ஓவரி என்றேன். அதையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள், அத்தைதான் சொன்னார்கள், ஒரேயடியாக முடிந்துவிடும் என்றாள்.

அவளுக்கு வயது முப்பத்து மூன்று.

நான் டாக்டர் சொன்னதையெல்லாம் போனிலேயே சொன்னேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோபமாகத்தான் வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீயும் இதே வயசுலதானம்மா எடுத்த. நான் சின்னப் புள்ளையா இருந்து பாக்குறேன், ஒரு நாள் படுத்திருக்கியா நீ?" என்றாள். நான் படுக்கவில்லை என்பது உண்மை. சம்பந்தியம்மா போனை வாங்கி, இடுப்புவலி முதுகுவலியெல்லாம் நமக்குப் புதுசா, உழைத்த உடம்பு என்று சொல்லிச் சிரித்தார். கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

நேரில் போவது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் வரவில்லை. மகள் வீட்டு விஷயத்தில் தலையிட்டால் மரியாதை இருக்காது என்றார். முதுகுக்குப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து பொன்னமராவதி பஸ் ஏறினேன். முன்னால் இடம் இல்லை. கடைசி சீட்டுத்தான் காலியாக இருந்தது. உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர், "அம்மா, எடம் இருக்குல்ல, போயி உக்காருங்க, எதுக்கு வழியை மறிச்சுக்கிட்டு" என்றார். முதுகெலும்பு உடைந்திருக்கிறது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. முதுகெலும்பு உடைந்தவள் எங்கேயாவது பஸ்ஸில் நின்றுகொண்டு வருவாளா. ஆனாலும் முன்சீட்டில் இருந்த ஒரு காலேஜ் பிள்ளையை எழுப்பிவிட்டார்.

மகள் வெளுத்துப்போய்ப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் அவளுக்குக் கடைக்குப் போக முடியாத நாள். சம்பந்தியம்மா முன்கூடத்தில் தனியாக மாலை கட்டிக்கொண்டிருந்தார். விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கண் என் மேல் இருந்தது. மாப்பிள்ளை காபி கொடுத்தார். நல்ல பிள்ளை. கெட்டவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை. என் வீட்டிலும் இருந்ததில்லை.

நான் சுற்றிவளைக்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டி இருந்து எடுத்தால் எடுக்கட்டும், அது டாக்டர் பாடு, ஓவரியைத் தொடக் கூடாது என்றேன். மாப்பிள்ளை போனைக் காட்டினார். ஓவரியை வைத்தால் பின்னால் கேன்சர் வரலாம் என்று போட்டிருக்கிறது என்றார். உங்கள் குடும்பத்திலோ எங்கள் குடும்பத்திலோ யாருக்காவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. எலும்பு உடைந்தவள் இருக்கிறாளா என்று கேட்டேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"லீவு முடியப்போவுது அத்தை. நான் போனதுக்கப்புறம் இவளுக்கு எதாச்சும்னா யாரு ஓடுவா, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் பயம் அது.

மகள் பக்கம் திரும்பினேன். பெல்ட்டை அவிழ்த்தேன். ஜாக்கெட்டுக்கு மேலாகவே முதுகைக் காட்டி, "தொட்டுப் பாரு" என்றேன்.

அவள் வரவில்லை. அவள் கையை நானே பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தேன். நடுமுதுகில் ஒரு முட்டு துருத்திக்கொண்டிருக்கும். விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். கண் கலங்கியது அவளுக்கு. எனக்கு இல்லை.

"குடம் தூக்குனேன். பாதிக் கொடம். அவ்வளவுதான் நான் பண்ணுனது" என்றேன்.

சம்பந்தியம்மா பூ கட்டும் நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே, வயசானால் யாருக்கும் கூன் விழும், இதுக்குப் போயி புள்ளையப் பயமுறுத்துறீங்களே என்றார். எனக்கும் உங்களுக்கும் என்ன வயசு வித்தியாசம் சம்பந்தியம்மா, உங்களுக்கு விழவில்லையே என்றேன். அவர் என்னை விட மூன்று வயது மூத்தவர். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் தானாக நின்றது. கட்டிய மாலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சேர்க்கப் போனபோது நானும் போனேன். கூப்பிடவில்லை. போனேன். டாக்டர் அறையில் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்தார்கள். மகளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். நான் நின்றேன். டாக்டரம்மா மறுநாள் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஓவரி என்ற சொல் வந்ததும் நான் நடுவில் புகுந்தேன்.

"அதுல நோயி இருக்கா டாக்டர்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஸ்கேனில் அது நன்றாகத்தான் இருக்கிறது, கட்டி கர்ப்பப்பையில்தான் என்றார்.

"அப்ப ஏன் எடுக்குறீங்க?"

"வீட்ல சேத்து எடுத்துரச் சொன்னாங்க. பின்னாடி தொந்தரவு வேணாம்னு." பேப்பரைத் தள்ளி வைத்தார். "இந்த வயசுல வச்சுக்கிறதுதான் நல்லது. நானா எடுக்கணும்னு சொல்லல. வேணாம்னா வச்சிடலாம்."

அவ்வளவுதான். இவ்வளவு சுலபம். ஒரு கேள்வி. இருபது வருஷத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். எனக்கு நெஞ்சில் ஏதாவது எழும் என்று காத்திருந்தேன். எழவில்லை. கால்தான் வலித்தது.

"பேஷண்ட் சொல்லணும்மா" என்றார் டாக்டர் மகளிடம்.

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை அவர் அம்மாவைப் பார்த்தார். சம்பந்தியம்மா சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். கடைசியில் மகள் குனிந்தபடியே, "இருக்கட்டும் டாக்டர். அதை எடுக்காதீங்க" என்றாள்.

வெளியே வந்ததும் என் மேல் பாய்ந்தாள். எல்லார் முன்னாலும் என்னைப் பேச வைத்துவிட்டாய், நாளைக்கு வயிற்றில் ஒரு வலி வந்தால்கூட அன்னைக்கே சொன்னோமே, உங்கம்மா பேச்சைக் கேட்டாயே என்று நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், நீ பஸ் ஏறிப் போய்விடுவாய் என்றாள். அவள் சொன்னது சரி. வாங்கிக் கட்டிக்கொள் என்றேன்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாயிற்று, இரண்டு ஓவரியும் நன்றாக இருக்கிறது, விட்டுவிட்டேன் என்றார். மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். நான் தலையை ஆட்டினேன்.

வார்டில் மகள் கண் விழித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதால் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். மயக்கம் முழுதாகத் தெளியாத குரலில், "இப்ப ஒனக்குத் திருப்தியா" என்றாள்.

"இல்ல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். எதற்குத் திருப்திப்பட வேண்டும். இருக்க வேண்டியது இருக்கிறது, அவ்வளவுதானே. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்றாள். பிறகு தூங்கிவிட்டாள்.

சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் நின்று சொந்தக்காரர்களுக்குப் போனில் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசினார். நல்லபடியா முடிஞ்சிருச்சு, ஆனா பாதியைத்தான் எடுத்தாங்க, அவுக அம்மா வந்து சண்டை போட்டு மத்ததை விட்டு வச்சுட்டாக, நமக்கெதுக்கு, பெரிய படிப்புப் படிச்சவுக சொன்னா கேட்டுக்கத்தானே வேணும் என்றார். நான் எட்டாவது வரைதான் படித்தேன். அவருக்கும் அது தெரியும். நான் கேட்டுக்கொண்டு மகளின் போர்வையைச் சரிசெய்தேன்.

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, அவர் பேச்சு குறைந்தது. ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை நெஞ்சில் வைத்து மூடிக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் கேலி இல்லை.

"எந் தங்கச்சி. அவ மருமகளுக்கும் நாள் குறிச்சிருக்காகளாம், அடுத்த மாசம். எதுக்கு அதை விட்டு வச்சீகன்னு கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்களே சொல்லுங்க."

போனை வாங்கினேன். யார் என்று கேட்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை. "முதல்ல அதுல நோயி இருக்கான்னு டாக்டரைக் கேளுங்க" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைனில் இருக்கிறாரா, போனை வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பாட்டுக்கு மணிக்கட்டில் இருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.